47 வயதில் முதல் பெரிய பைக்: எதில் தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: வயது 47, உயரம் 5 அடி 5 அங்குலம். கல்லூரிக் காலத்தில் நண்பரின் 100 சிசி வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டியதோடு சரி, அதன் பிறகு 20 வருடமாகக் கார்தான். இப்போது ஒரு பெரிய பைக் வாங்கி மனைவியுடன் நெடும்பயணம் போக ஆசை. 650 சிசி எடுப்பதா, இரண்டாம் தடவை மாற்றுகிற செலவே வேண்டாமென்று நேராக 1200 சிசி அட்வென்ச்சர் வண்டிக்கு (நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் செய்த உயரமான வண்டி) போய்விடுவதா? வலது முழங்காலில் லேசான வலி உண்டு என்பதைக் கடைசி வரியில், போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. சிசியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், இந்த உடம்போடும் இவ்வளவு அனுபவத்தோடும் எந்த வண்டியைப் பயமில்லாமல் கையாள முடியும் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 17 வருடமாகப் புதியவர்களுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் வயதுக்காரர்கள். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வீட்டுக் கடன் முடிந்திருக்கும், இளமையில் தள்ளிப்போட்ட ஆசை மறுபடி தலைதூக்கியிருக்கும். 20 வயதுப் பையனைப் பெரிய வண்டியிலிருந்து காப்பாற்றுவது அவனுடைய காலிச் சட்டைப்பை. உங்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை, அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களேதான் பிரேக் பிடிக்க வேண்டும். கீழே எழுதுவதில் எடை, சீட் உயரம், பிரேக் பற்றியவற்றைச் சந்தேகமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். முதலில் சின்னதா, நேராகப் பெரியதா என்பதில் நான் சொல்வது என் கருத்து மட்டும். என்னோடு வேலை செய்யும் பயிற்சியாளர்களே அதில் என்னுடன் சண்டை போடுவார்கள். முழங்காலைப் பொறுத்தவரை கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

முதலில் சிசியை ஓரங்கட்டிவிடுவோம். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இன் இன்ஜின் 648 சிசி, அதன் சக்தி சுமார் 47 குதிரைத்திறன். யமஹா ஆர்6-இன் இன்ஜின் அதைவிடச் சிறியது, 599 சிசி. ஆனால் அதன் சக்தி 115 குதிரைத்திறனுக்கும் மேல். சிசியை மட்டும் பார்த்து வாங்கினால் ஆர்6 சாது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். புதியவருக்கு முக்கியம், ஆக்ஸிலேட்டரை ஒரு விரற்கடை கூடுதலாகத் திருகிவிட்டால் வண்டி என்ன செய்கிறது என்பதுதான். பள்ளத்தில் விழுந்து எழும்போது கை தன்னையறியாமல் முறுக்கிவிடும், எல்லோருக்கும் நடக்கும். இன்டர்செப்டர் மாதிரி வண்டி அப்போது ஒரு இழு இழுத்துவிட்டு அடங்கும். பந்தயத்துக்காகச் செய்த நாலு சிலிண்டர் வண்டியில், அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அதே தவறு உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. சட்டம் போடுகிறவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2013 முதல் நடைமுறையில் உள்ள ஏ2 என்ற இடைநிலை பைக் உரிமத்தின் எல்லை 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன். எடைக்கும் சக்திக்கும் உள்ள விகிதத்துக்கும் அதில் வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கான எல்லை 660 சிசி, கூடவே ஒரு டன்னுக்கு 150 கிலோவாட் என்ற கணக்கு. இன்டர்செப்டரும் ஹோண்டாவின் 500 சிசி வண்டிகளும் 47 குதிரைத்திறனில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. அதே ஐரோப்பிய விதி, 24 வயது ஆனவர் பெரிய வண்டியில் தேர்வு கொடுத்து நேராக எதை வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றும் சொல்கிறது. சட்டம் வயதைப் பார்த்து நம்புகிறது. வயதுக்கும் க்ளட்ச்சுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் என் அனுபவம்.

அடுத்து, நீங்கள் எங்கே விழப்போகிறீர்கள் என்று பார்க்கலாம். அபசகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; முதல் வருடத்தில் ஒரு தடவையாவது வண்டியைக் கீழே போடாதவரை நான் பார்த்தது அபூர்வம். எல்லோரும் நெடுஞ்சாலை வேகத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த முதல் விழுதல்கள் பெரும்பாலும் பார்க்கிங்கில், யூ-டர்னில், பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும் இடத்தில், நடக்கிற வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் நடந்தவை. 52 வயதுக்காரர் ஒருவர் பயிற்சிக்கு வந்தார், உங்களைப் போலவே. மூன்றாம் நாளே ஆசை தாங்காமல் 250 கிலோ வண்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். மைதானத்தில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தவர், ஒரு நாய் குறுக்கே வந்ததும் வலது கையால் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தார். ஹேண்டில்பார் திரும்பியிருந்தது, வேகம் 5 கிலோமீட்டர்கூட இருக்காது. முன்பக்கம் அமுங்கியது, வண்டி இடது பக்கம் சரிந்தது, அவர் காலை ஊன்றினார். காலுக்கு அடியில் இருந்தது சரளை. அதற்கு மேல் எந்த அவசரமும் இல்லாமல், ஒரு எருமை படுப்பதைப் போல அந்த வண்டி மெதுவாகப் படுத்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் க்ளட்ச் லீவர் ஒடிந்துபோனது, கண்ணாடி போனது, முகம் அதைவிட மோசமாகப் போனது. நானும் அவரும் சேர்ந்து தூக்கினோம். அதன் பிறகு இரண்டு மாதம் அவர் அந்த வண்டியைத் தொடவில்லை.

இதன் கணக்கு எளிமையானது. 220 கிலோ வண்டி நேராக நிற்கும்போது ஒரு விரலால் பிடித்துக்கொள்ளலாம். 10 டிகிரி சாய்ந்தால் அதன் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும், 20 டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. முதல் சில டிகிரிக்குள் பிடித்தால் பிடித்தது. அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு நகர்ந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம், இடுப்பாவது மிஞ்சும். ஆகவே எடையை மட்டும் பார்க்காமல், அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதைப் பிடிக்க உங்கள் கால் எவ்வளவு சீக்கிரம் தரையைத் தொடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹோண்டா கோல்ட் விங் 350 கிலோவைத் தாண்டும். ஆனால் இன்ஜின் தாழ்வாகப் படுத்திருப்பதாலும் சீட் தணிந்திருப்பதாலும், நகர ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு எடையா என்று ஆச்சரியப்படுவீர்கள். நீங்கள் கண் வைத்திருக்கும் வகையைச் சேர்ந்த பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோதான், ஆனால் அதன் வழக்கமான சீட் உயரம் 850 மி.மீ. உங்கள் உயரக்காரருக்கு அதில் இரண்டு காலும் நுனிவிரலில்தான் நிற்கும். ஓடும்போது அருமையான வண்டி, மறுக்கவே மாட்டேன். நிற்கும்போதுதான் வினை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, இங்கே தரை எங்கே என்று தெரியாமல் காலை விடுவீர்கள்.

பிரசுரத்தில் போட்டிருக்கும் சீட் உயரத்தை அப்படியே நம்பவும் முடியாது. சீட் முன்பக்கம் குறுகலாக இருந்தால் 820 மி.மீ. வண்டியிலும் பாதம் நன்றாகப் படியும். அகலமாக இருந்தால் 790-லேயே கால் விரிந்துபோய் எட்டாது. எடையிலும் அப்படித்தான். சில இடங்களில் பெட்ரோல் இல்லாத எடையைப் போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ, 20 லிட்டர் டேங்க் நிரம்பினால் 15 கிலோ, அதுவும் வண்டியின் மேற்பகுதியில். அதனால் ஷோரூமுக்குப் போகும்போது ஓட்டப்போகிற ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்ப்பது சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சமம். ஸ்டாண்டை எடுத்து நிமிர்த்துங்கள். இரண்டு முன்பாதமும் ஊன்றுகிறதா? ஒரு காலை ஃபுட்ரெஸ்டில் வைத்தால் இன்னொரு பாதம் முழுசாகப் படிகிறதா? ஹேண்டில்பாரை இடது கடைசிவரை திருப்புங்கள், பிறகு வலது கடைசிவரை. வெளிப்பக்கக் கை நீண்டு தோள் முன்னால் இழுபடுகிறதா? உட்கார்ந்தபடியே காலால் மூன்று மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம் இறங்கி, பக்கத்தில் நின்று ஒரு வட்டம் உருட்டுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யச் சொன்னால் விற்பனையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வேர்வை வந்தால் அந்த வண்டி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

முழங்காலுக்கு வருகிறேன். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலுக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள், பாதிதான் உண்மை. நிற்கும்போது நல்லது, ஓடும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடையிலுள்ள தூரம். ஹோண்டா ரெபெல் 500-இன் சீட் 690 மி.மீ. மட்டுமே, தரையைத் தொடுவதில் உங்களுக்குப் பிரச்சினையே இருக்காது. ஆனால் ஃபுட்ரெஸ்ட் நடுவில் இருப்பதால் கால் நன்றாக மடங்கும். கவாசாகி வல்கன் எஸ் 705 மி.மீ., அதில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருக்கும், அதை மூன்று நிலைகளில் மாற்றியும் வைக்கலாம். முழங்காலுக்கு அது சுகம். அதற்கு விலையாக முதுகு அடி வாங்கும். கால் முன்னால் நீட்டியிருந்தால் பள்ளம் வரும்போது எழுந்து நின்று அதிர்ச்சியைக் காலில் வாங்க முடியாது, எல்லாம் தண்டுவடத்துக்கு நேராகப் போகும். தவிர, உங்களுக்கு வலிப்பது வலது முழங்கால். பின் பிரேக் வலது காலில்தான். ஏறும்போது சீட்டுக்கு மேலே தூக்கிப் போட வேண்டியதும் வலது காலைத்தான். பின்னால் பெட்டியும் இருந்தால் இன்னும் உயரமாகத் தூக்க வேண்டும். எனவே டெஸ்ட் ரைடை 10 நிமிடத்தில் முடிக்காதீர்கள். வாடகைக்குக் கிடைத்தால் அரை நாள் எடுத்து ஓட்டுங்கள், மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், தலைசுற்றலோ தூக்கமோ வருமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

20 வருடம் கார் ஓட்டியது உங்களுக்குப் பெரிய மூலதனம். எதிரில் வருகிறவன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும், சின்னப் பையன்களுக்குத் தெரியாது. ஆனால் அதே 20 வருடம் ஒரு கெட்ட பழக்கத்தையும் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது: ஆபத்து என்றால் வலது காலை ஓங்கி மிதிப்பது. பைக்கில் அப்படி மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதை விரலால் படிப்படியாக அழுத்த வேண்டும். இது என் கற்பனை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை, ஓட்டிகள் பின் பிரேக்கை அதிகமாகவும் முன் பிரேக்கைக் குறைவாகவும் பிடித்ததைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறது. அதில் இன்னொரு விஷயம் உங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்தும். விபத்தில் சிக்கியவர்களின் மொத்தச் சாலை அனுபவம் சராசரியாகக் கிட்டத்தட்ட 3 வருடம். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, விபத்தில் சிக்கிய அந்தக் குறிப்பிட்ட வண்டியோடு பழக்கம் 5 மாதத்துக்கும் குறைவு. பழைய ஆய்வுதான், ஒரே நகரம்தான், அப்போது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) கிடையாது. ஆனாலும் கையில் பழகாத வண்டி ஆபத்து என்ற அதன் சாரத்தை நான் வாரந்தோறும் மைதானத்தில் பார்க்கிறேன். ஏபிஎஸ் இல்லாத பெரிய வண்டியை, பழையதாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக வந்தாலும் எடுக்க வேண்டாம். ஐரோப்பாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2016-லிருந்தே அது கட்டாயம். அதே சமயம், சாதாரண ஏபிஎஸ் நேராக ஓடும்போதுதான் முழு உதவி செய்யும். வளைவில் சாய்ந்திருக்கும்போது அதை நம்பி அழுத்தக் கூடாது.

இனி, இரண்டு முறை வாங்கும் செலவு. என் கருத்து இது: 350, 400 சிசியில், யாரோ ஓட்டித் தேய்த்த, ஏற்கெனவே இரண்டு கீறல் விழுந்த வண்டி ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். ட்ரையம்ப் ஸ்பீட் 400 சுமார் 170 கிலோ, சீட் 790 மி.மீ.; ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 சுமார் 190 கிலோ, ஆனால் சீட் 765 மி.மீ. என்பதால் எடை அவ்வளவாக உறைக்காது. ஒரு வருடம் ஓட்டுங்கள். பழைய வண்டியின் மதிப்பு புதியதைப் போலச் சரிந்து விழாது, பார்த்துப் பயன்படுத்தினால் போட்டதில் பெரும்பகுதி திரும்பி வரும். புது அட்வென்ச்சர் வண்டியை ஒரே ஒரு தடவை பார்க்கிங்கில் படுக்கப்போட்டு உடைந்த பாகங்களை மாற்றினால், அந்த வித்தியாசம் அங்கேயே போய்விடும். வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3521 என்றிருந்தால் 2021-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்த டயர். டயரின் பூ (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடப் பழையதாக இருந்தால் ரப்பர் இறுகியிருக்கும், மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். மாற்றிய புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

என் நண்பரான பயிற்சியாளர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். 47 வயதுக்காரர் நிதானமானவர், நேராக 500, 650-இல் தொடங்கட்டும். சின்ன வண்டியில் சலிப்புத் தட்டிப் பலர் பைக்கையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே வண்டிதான் வாங்குவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் இன்டர்செப்டர் 650-ஐயோ, ஹோண்டா சிபி 500 குடும்பத்தில் தாழ்வான சீட் உள்ளதையோ பாருங்கள். இன்டர்செப்டர் பெட்ரோலோடு 210 கிலோவைத் தாண்டும், சீட் 804 மி.மீ.; உங்களுக்குச் சற்றே இழுபறி, ஆனால் அசாத்தியம் இல்லை. சுசுகி வி-ஸ்ட்ராம் 650 பயணத்துக்கு நல்ல வண்டிதான், 835 மி.மீ. என்பதால் முதல் வண்டியாகச் சொல்லத் தயங்குகிறேன். 1200 பற்றி மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது: இப்போது வேண்டாம்.

எதை வாங்கினாலும் பணம் மொத்தத்தையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடுகிற பூட்ஸ், தோளிலும் முழங்கையிலும் தடுப்பு வைத்த ஜாக்கெட், இரண்டு பக்கமும் கிராஷ் கார்டு, முறையான பயிற்சி ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்கி, பின்னாலிருந்து முன்னால் உருட்டிக் கழற்றப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் தலைக்கானது இல்லை. வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதம் காலி மைதானத்தில் வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் போதும். க்ளட்ச்சைப் பாதியில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே, முன் பிரேக்கைத் தொடாமல் எட்டுப் போடுங்கள். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும், முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். கீழே விழுந்த வண்டியைத் தூக்கவும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்தி, முடிந்தால் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் பின் கம்பி. பிறகு காலால் தரையை உந்திச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தால் எழுந்துவிடும். குனிந்து கையால் தூக்கப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். நான் 38 வயதில் வீராப்புக்கு அப்படித் தூக்கி, பத்து நாள் படுக்கையில் கிடந்திருக்கிறேன்.

மனைவியைப் பின்னால் உட்கார வைத்து எப்போது போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பின்னால் 60 கிலோ ஏறினால் வண்டியின் குணமே மாறும்: பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், முன்பக்கம் லேசாகும், நிற்கும்போது அவர் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிப் பார்த்தாலே உங்கள் கால் ஆட்டம் காணும். நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் கணக்கு, தனியாக 3000 கிலோமீட்டர், அதில் கொஞ்சமாவது மழையிலும் இரவிலும். இதற்கு எந்த ஆய்வும் ஆதாரம் இல்லை, அனுபவத்தில் வந்த எண். வண்டி வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன சில வண்டிகளில் பின் சீட் என்று ஒன்று இருப்பதே பேருக்குத்தான்.